எல்லைப்புறத்தில் ஓர் எழுத்து: மன்னாக்குடி அருங்காட்சியகத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் உடும்பன்சோலை வட்டத்தைச் சார்ந்த ஊராட்சி சக்குபள்ளம். ஆனக்கரை இதன் கடைவீதி. செல்லார்கோவில் மலைவிளிம்பில் நின்று நோக்கினால் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு கீழே விரிந்து கிடக்கும். இங்குள்ள ஏலத்தோட்டங்களில் உழைப்போரில் பலர் அப்பள்ளத்தாக்கிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் ஏறிவந்து, மாலையில் இறங்கிச் செல்லும் தமிழர்கள். மொழியெல்லை என ஆய்வாளர் வரைபடத்தில் ஒரு கோடாகக் காட்டுவது, இங்கு மக்களின் அன்றாட வழித்தடமாக இருக்கின்றது.

ஊர்ப்பெயரின் எழுத்துவடிவமே ஒரு வரலாற்றுச் சான்று. செக்கினைக் குறிக்கும் மலையாளச் சொல் ‘சக்கு’ என்பது. தமிழில் ‘செத்து’ எனவும் மலையாளத்தில் ‘சத்து’ எனவும் வழங்கும் வினையெச்சத்திலும் இதே உயிர் வேறுபாடு காணப்படும். தமிழ்ப் புணர்ச்சி விதிப்படி வன்றொடர்க் குற்றியலுகரத்தின்பின் வல்லினம் மிக வேண்டும். ‘செக்குப்பள்ளம்’ அல்லது ‘சக்குப்பள்ளம்’ என்றே எழுதியிருப்போம். ஆயினும் தமிழில் இப்பெயர் ஒற்று மிகாமல் ‘சக்குபள்ளம்’ என்றே எழுதப்படுகின்றது. அதாவது, இப்பெயர் தமிழ் எழுத்துக்கு வந்தது மலையாள எழுத்தின் வழியாக. பெயரை முதலில் இட்டவர் யாவர் என்பதை எழுத்து சொல்லாது. முதலில் எழுதியவர் யாவர் என்பதைச் சொல்லும். இவ்விரண்டையும் பிரித்தறிதல் எல்லைப்புறப் பெயராய்வின் முதற் பாடம் எனலாம்.

இப்பாடத்தை நெஞ்சிற் கொண்டு இக்கட்டுரையாளர் சென்று கண்டது, ஆனக்கரையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவில் குமுளியை ஒட்டி அமைந்துள்ள மன்னாக்குடியின் சிறிய அருங்காட்சியகம். பெரியாறு புலிகள் காப்பகத்தின் ஓரத்தில், மன்னான் பழங்குடியினரின் குடியிருப்பிலேயே இது அமைந்துள்ளது. உழவுக் கருவிகள், மீன்பிடிக் கருவிகள், இல்லத்துப் பாண்டங்கள், இசைக்கருவிகள், மணம், இறப்பு முதலிய சடங்குகளுக்குரிய பொருள்கள் ஆகியவை இங்குக் காட்சிக்குரியன. அரை மணி நேரத்திற் பார்த்து முடித்துவிடலாம். தேக்கடிக்குப் படகேற வருவோரில் பலர் இதன் இருப்பையே அறியாமல் திரும்புகின்றனர். ஒரு மொழியியலாருக்கோ மொழிபெயர்ப்பாளருக்கோ அரை மணி நேரம் போதாது. பொருள்களைக் காட்டிலும் பொருள்களுக்கு இடப்படும் பெயர்களே நம்மை அங்கு நிறுத்திவைக்கும்.

குடியிருப்பின் பெயரிலேயே தொடங்கலாம். ‘குடி’ என்னும் சொல் இன்றைய தமிழில் குடும்பம், குடிமக்கள் என்னும் பொருள்களில் நிற்கின்றது. ஊர் என்னும் பொருள் காரைக்குடி, தூத்துக்குடி போன்ற ஊர்ப்பெயர்களின் இறுதியில் உறைந்துவிட்டது. ‘எங்கள் குடிக்கு வாருங்கள்’ என்று சமவெளித் தமிழர் எவரும் தம் ஊரைக் குறித்துச் சொல்வதில்லை. இம்மலைகளில் மன்னான், பளியர், முதுவர் ஆகியோரிடையே அது இன்றும் உயிருள்ள பொதுப்பெயர். குடியிருப்பு ஒவ்வொன்றும் ஒரு குடி. அருங்காட்சியகப் பெயர்ப்பலகையை மொழிபெயர்ப்பவர் ‘மன்னான் கிராமம்’ என்றோ ‘மன்னான் காலனி’ என்றோ எழுதிவிட்டால் பொருள் விளங்கிவிடும்; ஆனால் நம் ஊர்ப்பெயர் ஆய்வுக்கு வேண்டிய உயிர்ச்சான்று ஒன்று நம் கையாலேயே அழிந்துவிடும்.

‘காணி’ என்பது இன்னும் ஏமாற்றும் சொல். சோழர் கல்வெட்டுகளைப் பயின்றோர்க்குக் காணி என்பது வழிவழி உரிமையும் அவ்வுரிமைக்குரிய நிலமும் ஆகும்; நில அளவையும் ஆகும். ஈழத்தில் இன்றும் நிலம் என்பதற்கு நாள்வழக்குச் சொல் அதுவே. மன்னான் மக்களிடையிலோ காணி என்பவர் குடியின் தலைவர். ‘காணிக்காரன்’ என்றும் வழங்குவர். ‘காணியின் கோல்’ என்று ஒரு பெயர்ச்சீட்டு இருக்குமாயின், யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் அதனை நிலமளக்கும் கோல் என்று கொள்வதில் வியப்பில்லை. உரிமையைக் குறித்த சொல் உரிமையாளரைக் குறித்து, பின் தலைவரைக் குறித்தது என ஒரு வளர்ச்சியை ஊகிக்கலாம். அவ்வூகம் ஆய்வுக்கட்டுரைக்கு உரியது. பெயர்ச்சீட்டுக்கு உரியது ‘குடித்தலைவர்’ என்னும் ஒரு விளக்கமே.

காணிகளுக்கெல்லாம் மேலாக ஓர் அரசர் உண்டு. காஞ்சியாறு ஊராட்சியில் உள்ள கோவில்மலையில் ராஜமன்னான் என்னும் பட்டத்துடன் அவர் விளங்குகின்றார். பட்டம் தாய்வழியில் செல்வது. 2025 குடியரசு நாள் விழாவுக்கு இராமன் ராஜமன்னான் டில்லிக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டபோது நாளிதழ்களில் இச்செய்தி பரவலாக இடம்பெற்றது. ‘ராஜமன்னான்’ என்பதைக் காணும் தமிழ் மெய்ப்புத் திருத்துநரின் கை, அதனை ‘ராஜமன்னன்’ எனத் திருத்தத் தானே நீளும். நெடில் குறிலானால் இனப்பெயர் மறைந்து ‘அரசனாகிய அரசன்’ என்னும் கூறியது கூறலே எஞ்சும்.

இனப்பெயரில் இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. அது வெறும் எழுத்துச் சிக்கலன்று; சாதிச்சான்றிதழ், கல்வியுதவி, அரசுப்பணி ஒதுக்கீடு ஆகியவற்றைத் தொட்டுச் செல்வது. கேரளத்தில் உரோமன் எழுத்தில் ஒரே வகையாக எழுதப்பெறும் இரு சமூகங்கள் உள. ஒன்று இம்மலைகளின் பழங்குடியினர்; இவர்கள் மலையாளத்தில் தந்நகரம் இரட்டித்து எழுதப்படுவோர். மற்றொன்று வண்ணான், வேலன் ஆகிய பெயர்களோடு சேர்த்து எண்ணப்படும் ‘மண்ணான்’ என்னும் பட்டியல் சாதியினர். இவர்கள் டண்ணகரம் இரட்டித்து எழுதப்படுவோர். உரோமன் எழுத்தில் புள்ளியோ கோடோ இடாமல் எழுதினால் இரண்டும் ஒன்றே. பட்டியல் சாதிகள், பட்டியல் பழங்குடிகள் ஆணைகளுக்கான 2002-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இதற்கு ஒரு தீர்வு கண்டது: ஆங்கிலத்தில் அமைந்த பட்டியலிலேயே இப்பெயரை மலையாள எழுத்தில் அடைப்புக்குறிக்குள் குறிக்க வேண்டும் என்பதே அது. நாடாளுமன்றம் இயற்றிய ஆங்கிலச் சட்டம், தன் எழுத்துக்கு எட்டாத ஒலிவேறுபாட்டைக் காட்டப் பிறிதோர் எழுத்தை நாடியது. ஒலியன் கொள்கையை வகுப்பறையில் விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இக்கட்டுரையாளர் பாடத்தில் இதனையே பயன்படுத்தி வருகின்றார்.

எனினும் அத்தீர்வு முழுமையானதன்று. மலையாளம் பல்லொலி நகரத்தையும் நுனியண்ண னகரத்தையும் ஒலியால் வேறுபடுத்தும், எழுத்தால் வேறுபடுத்தாது. ‘பன்றி’ என்னும் பொருளில் வரும் சொல்லிலும் ‘கன்னி’ என்னும் சொல்லிலும் மலையாள எழுத்து ஒன்றே, ஒலி வேறு. முன்னது பல்லொலி, பின்னது நுனியண்ண ஒலி. ஆகவே அடைப்புக்குறிக்குள் வரும் மலையாள எழுத்து ‘மண்ணான்’ அல்லன் என்று சொல்லுமே தவிர, ‘மன்னான்’ என்றோ ‘மந்நான்’ என்றோ சொல்லாது. தமிழ் எழுத்தில் எழுதத் தொடங்கியதும் நாம் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். றன்னகரத்தையே நாம் தேர்கின்றோம். பாண்டிய மன்னரோடு மதுரைப் பக்கமிருந்து வந்தவர் தாம் என்று இம்மக்கள் கூறும் மரபும், ‘மன்னன்’ என்னும் தமிழ்ச்சொல்லின் நினைவும் நம் கையை அவ்வழியே செலுத்துகின்றன. ஒரு சமூகத்தின் தோற்றக் கதை நம் எழுத்துக்கூட்டலுள் இவ்வாறு ஏறி அமர்ந்துவிடுகின்றது. அது பிழை என்று நான் கூறவில்லை. ஆனால் அது ஒரு முடிபு. வெறும் எழுத்துப்பெயர்ப்பு அன்று.

எல். ஏ. கிருஷ்ண ஐயர் 1937 முதல் 1941 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட திருவிதாங்கூர்ப் பழங்குடிகளும் சாதிகளும் பற்றிய ஆங்கில நூல், இம்மலைமக்கள் குறித்த விரிவான பழைய பதிவுகளுள் ஒன்று. பின்வந்தோர் பலர் அதனையே மூலமாகக் கொண்டனர். இத்தகைய நூல்களில் பொருட்பெயர்கள் உரோமன் எழுத்தில் அமைந்துள்ளன. அங்கிருந்து மலையாளத்துக்கும் தமிழுக்கும் மீண்டும் பெயர்க்கப்படும்போது நெடிலும் குறிலும், ந-ன-ண வேறுபாடும், ல-ள-ழ வேறுபாடும் பெயர்ப்போரின் ஊகத்துக்கு விடப்படுகின்றன. மக்களின் வாயிலிருந்து அச்சுக்குச் சென்ற சொல், அச்சிலிருந்து அவர்களுடைய அருங்காட்சியகத்துக்கே வேறு உருவில் திரும்பி வருதல் கூடும்.

இனி மீன்பிடிக் கருவிகளைப் பார்ப்போம். மூங்கிலாலோ பிரம்பாலோ முடைந்த ஒரு மீன்பொறியைத் தமிழர் ‘பறி’ என்பர். அடியில்லாக் கூடை வடிவில், ஆழமற்ற நீரில் கவிழ்த்துப் பிடிப்பதை ‘ஊத்தா’ என்பர். மலையாளியர் இப்பின்னதை வழங்கும் சொல்லைத் தமிழ் எழுத்தில் ‘ஒற்றால்’ எனப் பெயர்க்கலாம். ஆனால் தமிழ்நாட்டு வாசகர் இதனை ‘ஒட்ரால்’ என்பதுபோல் படிப்பார். மலையாளத்தில் அது நுனியண்ண வல்லொலி இரட்டித்தது. பழந்தமிழ் றகர இரட்டிப்புக்கு நாம் உய்த்துணரும் அதே ஒலி. யாழ்ப்பாணத் தமிழிலும் வாழும் ஒலி. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. மன்னான் மக்கள் தம் கருவிக்கு வழங்கும் பெயர் இவற்றுள் ஒன்றாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், ஒலியளவில் மட்டும் சிறிது வேறுபட்டதாகவும் இருக்கலாம். இம்மூன்றில் எது என்பதே மொழி வரலாற்றாசிரியருக்கு வேண்டிய செய்தி. ‘மீன்பிடிக்கூடை’ என்று மும்மொழியிலும் அழகாக எழுதிய பெயர்ச்சீட்டு அதனை மறைத்துவிடும்.

எனக்குப் பொருள்களைக் காட்டிய இளைஞர் தமிழில் பேசினார். எனக்குப்பின் வந்த கோட்டயத்துக் குடும்பத்தினருக்கு அதே பொருள்களை மலையாளப் பெயர்களால் விளக்கினார். இரண்டிலும் தடுமாற்றம் இல்லை. தம் குடியில் என்ன பெயர் என்று கேட்டபோது மட்டும் ஒரு கணம் நின்று, வெளியே அமர்ந்திருந்த மூத்த பெண்மணி ஒருவரைக் கேட்டு வந்து சொன்னார். விருந்தினரின் மொழியில் பேசுவதைப் பண்பாகக் கொண்ட மக்களிடம் களப்பணி செய்வோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். நாம் தமிழில் கேட்டால் தமிழ்ச்சொல் கிடைக்கும். அதனைக் கொண்டு ‘இது தமிழின் கிளைமொழி’ என்று எழுதுவோம். மலையாள ஆய்வாளரும் தம் வினாவுக்கேற்ற விடையைப் பெற்றுத் தம் முடிபை எழுதுவார். உலகமொழிப் பட்டியல்களில் மன்னான் மொழிக்குத் தனிக் குறியீடு தரப்பட்டுள்ளது. தனிமொழியா, கிளைமொழியா என்னும் வாதம் அதனால் தீர்ந்துவிடவில்லை.

இவ்வாதத்துக்கு அரசியல் வரலாறும் உண்டு. பெரியாற்று அணைக்காகத் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேய இந்திய அரசுக்கும் 1886 அக்டோபர் 29 அன்று குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர், 999 ஆண்டுகள், ஆண்டுக்கு 40,000 ரூபாய். அணை 1895-இல் நிறைவெய்தியது. அக்காட்டில் வாழ்ந்தவர்கள் ஒப்பந்தத்தின் தரப்பினர் அல்லர். 1934-இல் நெல்லிக்காம்பட்டி வேட்டைக் காப்பிடம், 1950-இல் விரிவாக்கப்பட்ட பெரியாறு சரணாலயம், 1978-இல் புலிகள் காப்பகம் என அதே நிலத்துக்கு அரசுப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. 1950-களில் பட்டம் தாணுப்பிள்ளை காலத்துக் குடியேற்றத் திட்டம் மலையாளக் குடும்பங்களை உயர்மலைக்குக் கொணர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் எனத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. 1956 நவம்பர் 1 அன்று அவை கேரளத்தில் நின்றன. அவ்வாதங்களில் இரு தரப்பும் தலைகளை எண்ணின. மலைமக்களை எம்மொழியினராக எண்ணுவது என்பது அப்போது ஏட்டுக்கேள்வியாக இருக்கவில்லை.

அரசு ஏடுகளில் ஒரு வடிவம் என்ன செய்யும் என்பதற்கு இங்கேயே வேறொரு சான்றும் உண்டு. ஏலமலைக் காடுகள் குறித்த 1897 ஆகஸ்டு 24 அறிவிப்பின் பரப்பளவு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்னும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முன்னிற்கும் ஓர் இலக்கமே வேறுபாடு.

கூத்துக்கு வருவோம். இசைக்கருவிகளின் வரிசையைக் கண்டதும் கேட்க வேண்டியது, அவை எங்கு ஒலிக்கும் என்பது. காலாவூட்டு என்னும் விழாவில் மன்னான் கூத்து ஆடப்படும். பொருளாக அமைவது கோவலன் கண்ணகி வரலாறு. இவ்வளவு கேட்டதும் தமிழாய்வாளர் உள்ளம் துள்ளும். ‘சிலப்பதிகாரத்தைப் பழங்குடியினர் போற்றிக் காத்துள்ளனர்’ என்று எழுதத் தோன்றும். சற்றுப் பொறுக்க வேண்டும். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை முழுமையாகப் பதிப்பித்தது 1892-இல். அதற்கு முன்பே புகழேந்தியார் பெயரில் வழங்கும் ‘கோவலன் கதை’ நாட்டார் வழக்கில் பரவியிருந்தது. அதன் போக்கு இளங்கோவின் காப்பியத்தினின்றும் பெரிதும் வேறுபட்டது. எழுத்தில்லா மக்களின் கூத்து, காப்பியத்துக்குக் கடன்பட்டதென முன்கூட்டியே தீர்மானிக்க இயலாது. ‘சிலப்பதிகாரக் கூத்து’ என்று பெயர்ச்சீட்டு எழுதுபவர் ஓர் ஆய்வு முடிபை அறியாமலேயே அறிவித்துவிடுகின்றார். ‘கூத்து’ என்னும் சொல்லும் அவ்வாறே: மலையாள வாசகருக்கு அது சாக்கியார் கூத்தை நினைவூட்டும், தமிழருக்குத் தெருக்கூத்தை. இது இரண்டுமன்று. ‘மன்னான் கூத்து’ என்று அடையோடு நிறுத்துவதே தகும்.

அதே காட்டினுள் மலைமுகட்டில் மங்கலதேவி கோயில் உள்ளது. கரந்தைப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963-இல் இதனைக் கண்ணகி கோட்டமென அடையாளங் கண்டு அறிவித்தார். ஆண்டுக்கொரு முறை சித்திரை முழுநிலவன்று இரு மாநில அதிகாரிகளின் ஏற்பாட்டில் மக்கள் ஏறிச் செல்கின்றனர். தமிழர் அறிவிப்புகளில் அது லகரத்துடன் ‘மங்கலதேவி’. மலையாள அறிவிப்புகளில் ளகரத்துடன் ‘மங்களாதேவி’. முன்னது பழந்தமிழ் வழக்கைத் தழுவியது. பின்னது வடமொழிச் சொல்லின் தென்னக ஒலிப்பைத் தழுவியது. உரோமன் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் சண்டை அங்கில்லை.

ஒப்புநோக்க மூணாறுத் தேயிலை அருங்காட்சியகத்தையும் குறிப்பிடலாம். 2005-இல் நல்லதண்ணி எஸ்டேட்டில் திறக்கப்பட்ட அது ஒரு நிறுவனத்தின் அருங்காட்சியகம். நாசரேத்துத் தொழிற்பள்ளியில் 1913-இல் செய்யப்பட்ட கருங்கற் சூரியக் கடிகாரமும் பழைய தேயிலை உருட்டுப்பொறியும் அங்குள. இயந்திரங்களுக்குப் பெயரும் ஆண்டும் உண்டு. ‘லயம்’ என்னும் சொல்லுக்கு அத்தகைய காப்பு எங்கும் இல்லை. வரிசை வீடுகளைக் குறித்த ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்து, ‘லாயம்’ என்னும் குதிரைக் கொட்டிலின் சாயலையும் ஏற்றுக்கொண்ட சொல்லாக அதனை நான் கருதுகின்றேன். 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடி 70 பேர் மாண்டபோது அச்சொல் மலையாளச் செய்திகளில் அவ்வாறே வந்தது. ‘தொழிலாளர் குடியிருப்பு’ என்று தமிழில் பெயர்த்தால், அடுத்தடுத்து ஒட்டிய ஓரறை வீடுகளின் வரிசை என்னும் காட்சி போய்விடும்; மாண்டோர் எவ்வாறு ஒருங்கே மாண்டனர் என்பதும் விளங்காது.

கனடாவின் அலர்ட் பே என்னுமிடத்தில் குவாகுவாக்கவக்கு மக்கள் 1980-இல் நிறுவிய பண்பாட்டு மையத்தின் பெயர் ‘உமிஸ்தா’. பகைவரால் சிறைப்பட்டோர் ஊர் மீள்வதை அவர்கள் மொழியில் குறித்த சொல் அது. அரசு பறித்த சடங்குப் பொருள்கள் திரும்பி வந்ததற்கு அதனையே பெயராக்கினர். ஆங்கிலத்தில் அதற்கு நிகர் தேடிச் சூட்டவில்லை. விளக்கம் மட்டும் தந்தனர். மன்னாக்குடி போன்ற இடங்களுக்கு நாம் கூறத்தக்க முறையும் இதுவே: மக்கள் சொல்லும் பெயரை முதல் வரியில், ஒலிக்குறியீட்டுடன் எழுதுக, எக்குடியில் எவ்வாண்டு கேட்டது என்பதைச் சேர்க்க, தமிழ், மலையாள, ஆங்கில விளக்கங்கள் அதன் கீழே வருக. தமிழ்ச் சொல்லோடு ஒத்திருந்தாலும் தமிழ் எழுத்துக்கூட்டலுக்கு அதனை வளைக்கலாகாது. முதல் வரியை எழுதும் உரிமை அக்குடியினருக்கு உரியது. பெயரைக் கேட்டதும் வெளியே சென்று மூத்தவரை வினவி வந்த அவ்விளைஞர் இதனை நம்மினும் நன்கு செய்வார்.

மாலையில் குமுளி எல்லைக்கு வந்தேன். தமிழ்நாட்டுப் பேருந்தின் பலகையில் ‘குமுளி’. சில அடி தொலைவில் நின்ற கேரளப் பேருந்தின் மலையாளப் பலகையில் ‘குமளி’. குறிப்பேட்டில் இரண்டையும் எழுதிக்கொண்டு, ஆனக்கரை வண்டியில் ஏறினேன்.